மணி அடித்த வகையில்

பேரேட்டில் இருப்பது என் கையெழுத்துதான், மறுக்கவில்லை.
ஜூலை மாதம், மணி அடித்த வகையில்,
சங்கிலி, தகப்பன் பெயர் சுடலை, ரூபாய் ஒன்பது.
கோபுரத்தில் மணி கிடையாது.
பூமி அதிர்ந்த வருஷம் விழுந்து விரிந்துபோனதை
சால்வீன் கரைச் சீனக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.
விற்ற வரவை எழுதியதும் நான்தான்,
இதே பேரேடு, முப்பது பக்கம் முன்னால்.

ஒஹையோவிலிருந்து ஸ்டாஃபர் பாதிரி கொண்டுவந்த பந்து
உருண்டை இல்லை, பலாக்கொட்டைக்குத் தோல் தைத்த மாதிரி.
பேர் கால்பந்து. காலால் தொடுவது அபூர்வம்.
இடுக்கிக்கொண்டு ஓடு, விழு, எழு.
நான்கு முறைக்குள் பத்து கஜம்,
முடியாவிட்டால் எதிராளியிடம் கொடு.

"எங்கள் ஊர்க் கல்லூரியில் நூற்றிருபது பிள்ளைகள்.
அதில் பதினொருவர் சம்பளம் கட்டியதில்லை.
ஒருவன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவன்,
ஒருவன் கொதிகலனுக்குக் காவல்,
நான் வாசலில் பனி அள்ளுபவன்."
"கோடையிலுமா?" என்றேன்.
சிரித்தார்.
அந்தச் சிரிப்பை எந்தத் தலைப்பில் பற்று வைப்பது?

முபூன் ஆலையில்தான் கண்டெடுத்தோம் அவனை.
மழை வழுக்கும் பலகைமேல்
இரண்டு மணங்கு மூட்டையோடு ஓடிவந்தவன்
எதிரே வந்தவனை இடிக்காமல்
இடுப்பை மட்டும் ஒரு திருப்புத் திருப்பினான்.
பாதிரி குடையை மறந்து நனைந்தார்.

மேஸ்திரியிடம் பேசப் போனது நான்.
"கப்பல் கூலியும் சேர்த்து முன்பணம் நாற்பத்தொன்று.
தீர்த்துட்டுக் கூட்டிட்டுப் போங்க."
தீர்த்தோம். மணிக்கயிறு வாங்கிய வகையில் என்று எழுதினேன்.
மெட்ரிக் தேறாதவன்;
தேறுவான் என்று பதிவேட்டில் ஏற்றினோம்.
அன்று இரவெல்லாம்
மேஸ்திரி அவனை வாங்கியதற்கும்
நாங்கள் வாங்கியதற்கும்
நடுவே எத்தனை கஜம் என்று
படுத்தபடியே அளந்துகொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் பத்து கஜம் அளக்க ஓர் இரும்புச் சங்கிலி உண்டு.
அதைச் சுமந்து கோட்டோரம் ஓடுவது என் பாடு.
பாதிரி "சங்கிலி!" என்று கத்தினால்
இருவருமே ஓடிவருவோம்,
அவன் பேருக்கு, நான் பொருளுக்கு.

தேக்கு ஏற்ற வந்த கப்பலின் மாலுமிகளோடு ஒரே ஆட்டம்,
கிறிஸ்துமசுக்கு முந்திய சனிக்கிழமை.
ஸா துவேயும் பா ஹ்லாவும் முன்னால் இடித்து வழிவிட
மூன்று முறை கோட்டைத் தாண்டினான்.
நான்காவதில் முழங்காலில் ஒரு சத்தம்,
ஈர மரம் பிளப்பது போல.
கோட்டோரத்தில் நின்ற எனக்கே கேட்டது.

ஜனவரியில் ரங்கூனிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
சிவப்பு மையைத் திறந்துவைத்துக்கொண்டு
"அந்த மணியை ஒருதரம் கேட்க வேண்டுமே" என்றார்.
"நாலு மணிக்கு" என்றேன். வாய்க்கு வந்தது.

மூன்றேமுக்காலுக்கு, விடுதிப் பின்புறத் தூங்குமூஞ்சி மரத்தடியில்
ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு
ஏ பாதைக்குப் போட்டு மிஞ்சிய தண்டவாளத் துண்டு ஒன்றை
கிளையில் கட்டிக்கொண்டிருந்தான் சங்கிலி,
என் அளவுச் சங்கிலியால்.
நான்கு அடி.
தணிக்கைக்காரர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி
சரி போட்டார்.

அதன்பின் ஆட்டம் இல்லை.
பந்து பீரோவுக்குள் காற்றிறங்கிக் கிடக்கிறது.
பாதிரி அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.
அவன் மட்டும் விடியல் ஐந்துக்கு அடிக்கிறான், ஆறுக்கு அடிக்கிறான்.
"இனிமே யாரும் வந்து கேட்கப்போறதில்லப்பா" என்றேன்.
அல்ஜீப்ரா புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
"ஜூலையிலேர்ந்து அடிக்காம விட்டது எத்தனைன்னு
கணக்குப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை ஒன்பதுக்குப் பதினான்கு அடி.
மௌல்மீனில் யாராவது எண்ணியிருந்தால் குழம்பியிருப்பார்கள்.
நான் எண்ணினேன்.